418-ஆம் சீட்டு எங்கே போச்சு? ஜாவாவோடு ஒன்பது மாங்காய் சீசன்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு எடைச் சீட்டு போடும் மென்பொருளை ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதி, ஒன்பது சீசனாக நானே பார்த்துக்கொள்கிறேன். ஜாவாவில் எனக்குப் பிடித்தது எது என்று சொன்னால் பலருக்குச் சப்பென்று இருக்கும்: எதையும் இடமிருந்து வலமாகக் கணக்கிடுவது.

காலேஜ் லேபில் டர்போ சி, அதாவது சி மொழி நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள். திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் உள்ளே ஐ++, ஐ++ (ஐ-யின் மதிப்பை எடுத்துக்கொண்டு, பிறகு ஒன்று கூட்டு) என்று போட்டு "அவுட்புட் என்ன?" என்று வைவாவில் கேட்பார்கள். வலமிருந்து இடம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். சி மொழி எந்த வரிசைக்கும் உறுதி தரவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜாவாவின் மொழி விவரக்குறிப்போ 15.7-ஆம் பிரிவில் கறாராகச் சொல்லிவிடுகிறது. ஐ 5 என்றால், ஐ++ + ++ஐ எங்கே ஓட்டினாலும் 12: ++ முன்னால் வந்தால் முதலில் கூட்டிவிட்டு எடுக்கும், ஆக 5 + 7. (அப்படி எழுதுகிறவரை நான் வேலைக்கு எடுக்கமாட்டேன், அது வேறு.)

அந்த ஒழுங்கே ஒருமுறை என்னை மாட்டிவிட்டது. லாரிகள் வரிசைகட்டி நின்ற ஒரு ஜூன் மாலை, மண்டிக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, 417 இருக்கு, 419 இருக்கு. 418 எங்க?" சீட்டு எண் விட்டுப்போனால் யாரோ ஒரு லோடை மறைத்துவிட்டார்கள் என்றுதான் மண்டியில் அர்த்தம். எடை போடும் பையன் அழாத குறை.

குற்றவாளி இந்த வரி: பிரிண்டர்.அச்சிடு(அடுத்தஎண்()). ஒயர் கழன்றிருந்ததால் நிரலில் பிரிண்டர் "நல்" (null, அதாவது ஒன்றுமே இல்லை) என்று இருந்தது. நல் என்றால் அங்கேயே எக்செப்ஷன் (பிழை) வந்து நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். ஜாவா முதலில் புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதை எடுக்கும். பிறகு அடைப்புக்குள் உள்ள ஆர்குமெண்டுகளை வரிசையாகக் கணக்கிடும். அதற்கப்புறம்தான் எடுத்தது நல்தானா என்று பார்க்கும். எண் கூடிவிட்டது, சீட்டு வரவில்லை. ஒயரை மாட்டி மறுபடி அழுத்தியபோது வந்தது 419. மண்டிக்காரர் நோட்டில் 418-க்கு எதிரே இன்றும் "ஒயர்" என்று இருக்கிறது.

ஆப்ஷனல் என்பது மதிப்பு இருக்கவும் இல்லாமல் போகவும் கூடிய ஒரு பெட்டி; "இல்லையென்றால் இதை எடு" என்னும் அதன் ஆர்எல்ஸ் இதற்குத் தம்பி, அடைப்புக்குள் இருப்பதைத் தேவையில்லாவிட்டாலும் முதலிலேயே கணக்கிட்டுவிடும். ரேட் மெமரியிலேயே இருந்தும் ஒவ்வொரு சீட்டுக்கும் டேட்டாபேஸைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆர்எல்ஸ்கெட் என்று மாற்றி லாம்டா (தேவைப்பட்டால் மட்டும் ஓடும் குட்டி நிரல்) கொடுத்ததும் நின்றது.

ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜாவா 9-இல் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஒட்டும் முறையை மாற்றியபோது ஜாவாவே தன் விதியிலிருந்து வழுக்கியது. "மா" உள்ள பில்டரை (அப்பெண்ட் சொன்னால் கடைசியில் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் பொருள்) "" + பில்டர் + பில்டர்.அப்பெண்ட்("ங்காய்") என்று ஒட்டினால் "மாமாங்காய்" வரவேண்டும், "மாங்காய்மாங்காய்" வந்தது. 2022-இல் வந்த ஜாவா 19-இல்தான் திருத்தினார்கள். மண்டி கம்ப்யூட்டரில் இன்னும் ஜாவா 17 ஓடுகிறது; அந்த மாதிரி வரி எழுதாமல் பார்த்துக்கொள்கிறேன்.