ஜிக் செய்ய நாப் எங்கே? ஹார்டுவேர் கடை, திருச்சி, ஆன்லைன், சொந்தப் பட்டறை – ஓர் ஒப்பீடு

மரத்தை அளவாக, அசையாமல் பிடித்து வேலை செய்ய நாமே செய்துகொள்ளும் துணைக்கருவிதான் ஜிக். ஸ்டாப் பிளாக் (அளவுக்கு நிறுத்தும் கட்டை), டெனான் ஜிக் (மரமூட்டு நாக்கு வெட்ட), ஃபெதர் போர்டு (பலகையை அழுத்திப் பிடிக்க) என்று எதைச் செய்தாலும் பிளைவுட் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதைக் கையால் இறுக்கித் தளர்த்த ஒரு நாப் (மரை வைத்த கைப்பிடிக் குமிழ்) வேண்டும் என்கிறபோதுதான் அலைச்சல் ஆரம்பம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களில் "மரவேலை ஜிக் நாப்" என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பார். வேறு வேலைக்காக வந்த சாமான்களில் நமக்கு ஆகக்கூடியவை அங்கே நிறைய இருக்கின்றன, பெயர்தான் வேறு.

நாப்பைத் தேடும் முன் மரையை முடிவு செய்துகொள்ளுங்கள். ஹார்டுவேர் கடைகளில் விட்வொர்த் இன்ச் மரையும் எம்6, எம்8 (6, 8 மி.மீ. போல்ட்) என்கிற மெட்ரிக் மரையும் பல சமயம் பக்கத்துப் பக்கத்து டப்பாவில், சில சமயம் ஒரே டப்பாவில் கிடக்கும். 1956 சட்டத்தோடு நாடு மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. தச்சு வேலையில் பேச்சு இன்னும் நூல் கணக்குதான்: எட்டு நூல் ஓர் இன்ச், கால் இன்ச் என்றால் இரண்டு நூல். "அண்ணே, எட்டு எம்எம் நட்டு குடுங்க" என்று கேட்டால் இரண்டரை நூல் நட்டை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, ஏறிடும்" என்பார்கள். ஏறும்தான், ஓரிரு சுற்று. இரண்டரை நூல் என்பது 5/16 இன்ச், அதாவது 7.94 மி.மீ. கண்ணுக்கு எம்8-க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அதில் இன்ச்சுக்கு 18 மரை, ஒரு மரைக்கு 1.41 மி.மீ.; எம்8-க்கு 1.25. அதனால்தான் ஓரிரு சுற்றுக்கு மேல் சிக்கும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை உரிந்து கையோடு வரும். கால் இன்ச் நட்டில் எம்6 போல்ட்டும் அப்படியே, ஆட்டத்தோடு ஏறி இறுக்குகிற நேரத்தில் காலை வாரும்.

என் கட்சி மெட்ரிக். இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில் எம்8, சின்ன ஸ்டாப்புக்கு எம்6, மூன்றாவது அளவே பட்டறைக்குள் வேண்டாம். இதற்கு உள்ளூரில் நம்பகமான இடம் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. பைக்குகளில் வருவது மெட்ரிக் மரை என்பதால் எம்6-ம் எம்8-ம் கலப்படமில்லாமல் கிடைக்கும். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு: பைக் எம்8 போல்ட் பலவற்றுக்குத் தலை 12 மி.மீ. ஸ்பேனர், ஹார்டுவேர் கடை எம்8-க்குப் பெரும்பாலும் 13. தலையைப் பள்ளத்தில் பதிக்கும்போது இது இடிக்கும்.

இனி நாப். மலிவானது விங் நட், இரண்டு காது வைத்த நட்டு. பட்டர்ஃப்ளை நட் என்றும் கேட்கலாம். எந்த ஊரிலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை தொடுகிற இடத்துக்கு அது போதும். நாளெல்லாம் இறுக்கித் தளர்த்தினால் விரல் நோகும், காதுகள் குட்டை என்பதால் பிடியும் போதாது. ஃபேன் ஸ்பேர் கடையில் பெடஸ்டல் ஃபேன் கம்பியை நிறுத்தும் பிளாஸ்டிக் நாப் இருக்கும், பாத்திரக் கடையில் மூடி நாப் இருக்கும். முதலாவது ஓரளவு உதவும், மூடி நாப்பின் திருகு மெல்லிசு, ஜிக்குக்கு ஆகாது. எதற்கும் உங்கள் நட்டைக் கையோடு கொண்டுபோய் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று லெவலிங் ஃபுட். மேஜை, பீரோ காலடியில் திருகுகிற, அடியில் வட்டமான பிளாஸ்டிக் தலை உள்ள போல்ட். தலைகீழாகப் பிடித்தால் அதுதான் போல்ட் வைத்த நாப்! ஃபர்னிச்சர் ஃபிட்டிங்ஸ் கடைகளில் எம்8-லேயே கேட்டு வாங்கலாம். வட்டம் வழுவழுப்பாக இருந்தால் ஓரத்தில் அரத்தால் நாலைந்து பள்ளம் போட்டுவிடுங்கள். தலை போல்ட்டோடு ஆடாமல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். சுழல்கிற வகை நமக்கு உதவாது.

உண்மையான ஸ்டார் நாப் (விரல் பிடிக்க ஓரத்தில் பள்ளங்கள் உள்ளது) வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். திருவெறும்பூர் பெல் (BHEL) ஆலையை ஒட்டித் துவாக்குடி வரை பட்டறைகள் வளர்ந்த ஊர் அது. மெஷின் டூல்ஸ் கடைகளில் லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் போடுகிற பேக்கலைட் நாப் கேட்கலாம். உள்ளே பித்தளை மரை, கைக்கு அடக்கம், பல வருஷம் உழைக்கும். வாங்கும்போது ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: மரை ஓட்டை மேல்வரை திறந்திருக்கிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் போல்ட் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை இறுகும் முன்பே நாப் முட்டி நின்றுவிடும்.

ஆன்லைனில் அலுமினிய டி-டிராக்கும் (பலகையில் பதிக்கும் பள்ளம்) அதற்குள் தலை நகரும் டி-போல்ட்டும் நாப்பும் செட்டாக வருகின்றன. டிராக்குக்காக வாங்கலாம், ஒரு மீட்டர் நேரான அலுமினியப் பள்ளத்தை நாமே செய்ய முடியாது. நாப்புக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு.

ஏனென்றால் நாப்பைப் பட்டறையிலேயே செய்துவிடலாம், இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் தருவதும் அதற்குத்தான். டெல்டாவில் வாய்க்கால் கரையெல்லாம் பூவரசு நிற்கிறது. வண்டிச் சாமானுக்கு ஆகிவந்த மரம், இழை நெருக்கம், லேசில் பிளக்காது. நன்றாகக் காய்ந்த துண்டில் 50 மி.மீ. வட்டம் வரைந்து, அதன் ஓரத்திலேயே ஆறு ஓட்டை போட்டபின் வட்டத்தை அறுத்தெடுத்தால் விரல் பிடிக்கிற பள்ளங்கள் தானாக வந்துவிடும். நடுவில் போல்ட்டுக்கு 8.5 மி.மீ. ஓட்டை, அதன் ஒரு பக்கத்தை மட்டும் 14 மி.மீ. பிட்டால் 6 மி.மீ. ஆழம் அகலப்படுத்துங்கள். எம்8 நட்டின் மூலைக்கு மூலை அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், அடுத்த பக்கத்திலிருந்து வாஷரும் போல்ட்டும் போட்டு இழுத்தால் நட்டு மரத்தைக் கவ்விக்கொண்டு உட்காரும். எபாக்ஸி பசை ஒரு சொட்டு, மரைக்குள் போகாமல். இறுக்கும்போது போல்ட் நட்டை மரத்துக்குள்ளேயே இழுக்கும்படி, நட்டு இருக்கும் பக்கம் மேலே வரட்டும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, அடிப்பாகமும் தண்டும் அகலும் மரையால் சேர்வது தெரியும். பித்தளைக் கடைசலும் மரையும் அங்கே அன்றாட வேலை. ஆசைக்கு ஒரு பித்தளை நாப் கடைந்து வாங்கலாம்தான். எடையும் கூலியும் சேர்ந்தால் ஜிக்கைவிட நாப் விலை கூடிவிடும்.

3டி பிரிண்ட் நாப்பைப் பலர் சொல்கிறார்கள். அதற்குப் பரவலாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே, அதுவும் இறுக்கிய நிலையிலேயே விட்டுவைக்கும் நாப்புக்கு எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

மறுமுனையில் போல்ட் சுற்றாமல் நிற்க, தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் உள்ள போல்ட்டை வாங்குங்கள். லாரி பாடியில் பலகை பிடிக்கப் போடுவது. பலகைக்குள் நிலையான மரை வேண்டுமென்றால் சோபா செய்கிறவர்கள் கால் மாட்ட அடிக்கும் டி-நட் போதும். அதை இழுவிசை வருவதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து அடித்தால் இரண்டு நாளில் கழன்று விழும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்விடும், அங்கே ஸ்டெயின்லெஸ் எடுக்கலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டே போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திருக முடியாமல் போவதுண்டு. நட்டைப் பித்தளையில் போடுங்கள், மரையில் கொஞ்சம் மெழுகு தடவி வையுங்கள்.