டெனாலி பூங்கா: பச்சைப் பேருந்தா, பழுப்புப் பேருந்தா?

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குள் போக ஒரே ஒரு சாலைதான். மொத்த நீளம் 148 கி.மீ. சொந்தக் காரில் 24வது கி.மீ.யில் உள்ள சாவேஜ் ஆறு வரைதான் விடுவார்கள். தார்ச்சாலையும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கப்பால் கோடைக்காலத்தில் பேருந்துதான். அதனால் எந்தப் பேருந்து என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பயணம் வெற்றி.

பழுப்பு நிறப் பேருந்து வழிகாட்டியின் விளக்கத்தோடு வருவது. டிக்கெட் விலை பல மடங்கு அதிகம். ஏறிய வண்டியிலேயே திரும்ப வேண்டும். பச்சை நிற டிரான்சிட் பேருந்தில் 15 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. விரும்பிய இடத்தில் இறங்கி நடக்கலாம், பிறகு கைகாட்டி இன்னொரு பச்சைப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். விளக்கவுரை கிடையாது என்றாலும் பெரும்பாலான ஓட்டுநர்கள் தாங்களாகவே பேசிக்கொண்டு வருவார்கள்; விலங்கு தென்பட்டால் இரண்டிலுமே நிறுத்துவார்கள். நடக்கத் தெம்புள்ளவர்களுக்குத் தயங்காமல் பச்சையையே பரிந்துரைப்போம். ஒரு சிக்கல் உண்டு: திரும்பி வரும் வண்டியில் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். நாலைந்து பேராக இறங்கினால் பிரிந்து ஏற வேண்டி வரலாம், அல்லது அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிக்காமல் முன்பதிவு செய்துவிடுகிறார்கள். பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் உறைமண் இளகி, மலைச்சரிவோடு சாலையும் நழுவியதால் 2021 ஆகஸ்டில் போக்குவரத்து நின்றது. அதன்பின் பேருந்துகள் 69வது கி.மீ.யோடு திரும்பின. பழைய பயணக் குறிப்புகள் புகழும் ஐல்சன் பார்வையாளர் மையமும் வொண்டர் ஏரியும் அதற்கு அப்பால் இருக்கின்றன. பணம் கட்டும் முன் பேருந்து எதுவரை போகிறது என்பதைப் பூங்காவின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். 69வது கி.மீ. வரை போய்வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

போகும்போது இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் இருக்கும் பக்கம் உட்காருங்கள். மலையும் பள்ளத்தாக்கும் அந்தப் பக்கம்தான். பைனாகுலர் இல்லாமல் போவது வீண். குலுங்கும் வண்டியில் 10 மடங்கு பெரிதாக்கும் 10x42ஐவிட 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 நிதானமாகக் காட்டும். டால் ஆடுகள் பாறைச் சரிவில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். புள்ளி நகர்ந்தால் ஆடு, நகராவிட்டால் பெரும்பாலும் பனித்திட்டு. கிரிஸ்லி கரடியைக் கரிய உருவமாகத் தேடி ஏமாறுகிறார்கள். இங்குள்ள பல கரடிகளின் ரோமம் காய்ந்த புல்லின் நிறம். பழக்காலத்தில் தலையைத் தூக்காமல், கிளையை உதட்டால் உருவி உருவித் தின்றுகொண்டே நகரும். புதர் அசைவதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். பார்த்ததும் "நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொல்லி, கடிகார முள் கணக்கில் (வண்டிக்கு நேர் முன்னால் 12 மணி, வலப்பக்கம் 3 மணி) திசையைச் சொல்லுங்கள். வண்டி நின்றபின் பேச்சுக் கூடாது, கையும் கேமராவும் ஜன்னலுக்கு வெளியே நீளக் கூடாது.

இறங்கி நடந்தால் கரடியிடமிருந்து 275 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். கரடியைக் கண்டு ஓடக் கூடாது. மூஸ் என்ற பெரிய மான் விரட்டினால் ஓடத்தான் வேண்டும்.

டெனாலி சிகரம் (6,190 மீ.) தெரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட முகம் காட்டாத மலை அது. ஒரே நாளை நம்பி வராமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் எங்கள் தேர்வு. கொசு குறைந்திருக்கும், தரையெல்லாம் குங்குமச் சிவப்பாகியிருக்கும். ஜூன், ஜூலையில் வருவதானால் தலைக்குக் கொசுவலை அவசியம்.

பேருந்து போகும் வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்க்ஸிலோ வாங்கி வந்துவிடுவது நல்லது. தண்ணீர், மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். செல்போன் சிக்னல் நுழைவாயிலைத் தாண்டிச் சில கி.மீ.யிலேயே போய்விடும். சின்னக் குழந்தைக்கான கார் சீட்டை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.