பதினான்கு மாதப் பழக்கத்தில் ஒரு கம்பிவலைக் கோழிக்கூண்டு

திருமங்கலத்துக்கு அருகே உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் அவை இரவில் அடைவதற்காக, மதுரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் 8,500 ரூபாய்க்கு இந்தக் கூண்டை வாங்கினோம். நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இதற்கு ஒன்றரை அடி உயரக் கால்கள், தகரக் கூரை, எச்சத்தைப் பிடிக்க இழுத்து எடுக்கும் தட்டு, முட்டை உருண்டு வந்து நிற்கும்படி முன்பக்கம் சரிந்த வலைத்தரை ஆகியவை உண்டு. பதினைந்து கோழிகள் தாராளமாக அடையும் என்றார் பட்டறைக்காரர்.

இறக்கி வைத்த அன்றே அம்மா கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கோழி எங்கடா ஏறி உக்காரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு விளங்கச் சில வாரங்கள் பிடித்தன. இது நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகளை அடைத்து வைக்கும் கூண்டின் அளவுகளை அப்படியே சுருக்கிச் செய்தது. நாட்டுக்கோழியோ பொழுது சாய்ந்தால் உயரமான இடம் தேடி ஏறுவது. விட்டால் முருங்கை மரத்தில்தான் அடையும். உள்ளே பிடித்துப் போட்ட கோழிகள் முதல் வாரம் முழுவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சச்சரவிட்டுக்கொண்டிருந்தன. மணிக்கட்டுப் பருமனில் இரண்டு வேப்பங்கழிகளைக் குறுக்கே கட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது. வெறும் கம்பியில் நின்று ஒரு பெட்டைக்கு உள்ளங்காலில் வந்திருந்த புண்ணும் அதற்குப் பின் ஆறிவிட்டது.

முட்டை விஷயத்தில் சரிந்த தரை எங்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. நாட்டுப்பெட்டை மறைவும் இருட்டும் உள்ள இடத்தில், உடம்பைப் பதித்து உட்கார்ந்துதான் முட்டையிடும். காலையில் திறந்துவிட்டவுடன் எங்கள் பெட்டைகள் வைக்கோல் படப்புக்கே ஓடின. பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மணலும் வைக்கோலும் போட்டு மூலையில் வைத்த பிறகே அங்கே இடத் தொடங்கின. அடைவைக்கும் இடமும் இதில் கிடையாது. இருபத்தொரு நாளும் கோழி ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருப்பதால், அடைக்கோழிக்குப் பழைய நார்ப்பெட்டியைத்தான் எடுத்தோம். இடிக்கு முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அம்மா அதில் ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் வைத்தார். இரும்பின் சக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் பதினொன்றில் ஒன்பது பொரித்தன.

பாதுகாப்பில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. பக்கவாட்டு வலையின் கண் ஒன்றரை அங்குலம். மூன்றாம் மாதம் ஓர் இரவில் மரநாய் வெளியே நின்றபடியே காலை நுழைத்து, வலையோரம் படுத்திருந்த விடைக்கோழியின் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. காலையில் உடல் உள்ளேயும் இறகுகள் வெளியேயும் கிடந்தன. ஒல்லியான பாம்பு நுழையவும் இந்தக் கண் போதும். கீழிருந்து இரண்டடி உயரத்துக்கு அரை அங்குல வெல்டு மெஷ்ஷைச் சுற்றிக் கட்டினோம். கதவில் இருந்த வெறும் கொக்கியை நாய் மூக்கால் தட்டியே திறந்துவிடும் என்பதால் அதையும் மாற்றித் தாழ்ப்பாள் போட்டோம்.

இன்னொரு தொல்லை கண்ணுக்கு எளிதில் தெரியாதது. சட்டத்துக்குப் பயன்படுத்திய சதுரக் குழாய்களின் முனைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பகலில் செள்ளு அதற்குள் பதுங்கிக்கொண்டு இரவில் வெளிவந்து கோழிகளின் ரத்தத்தைக் குடிக்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் ஓயாததால், டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாகப் பார்த்து, எம்-சீல் வைத்து அடைத்தேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். எச்சம் உடனே கீழே விழுந்துவிடுவதால் மழைக்காலத்திலும் உள்ளே ஈரம் இல்லை. முன்பு மண்தரையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்தபோது குஞ்சுகளுக்கு அடிக்கடி வந்த ரத்தக்கழிச்சல் இங்கே ஒருமுறைகூட வரவில்லை. தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை இழுத்துக் கொட்டினால் போதும், அந்த எச்சம் மக்கிய பிறகு கறிவேப்பிலைக்குப் போகிறது. கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பும் ஏறாது. தட்டு மட்டும் ஓரங்களில் இப்போதே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தகரக் கூரை கத்திரி வெயிலில் அனலாகக் கொதிப்பதால் மேலே தென்னங்கீற்று பரப்பியிருக்கிறேன்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடும் நாளில் இருட்டியதும் கோழிகளைப் பிடிப்பது எளிது என்பதும் உண்மை. ஆனால் கதவு ஒரு முழ அகலம்கூட இல்லாததால் பின்மூலையில் ஒதுங்கும் சேவலைப் பிடிக்க, பாதி உடலை உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது.

பதினைந்து என்ற கணக்கை நம்ப வேண்டாம்; பன்னிரண்டு சதுர அடியில் எட்டுக்கு மேல் அடைத்தால் கொத்திக்கொள்ளும். திருத்தங்களுக்கு மட்டும் எனக்கு 2,300 ரூபாய் ஆனது. மைத்துனர் இதே பட்டறையில் ஒரு கூண்டு சொல்லியிருக்கிறார்: சமதரை, அரை அங்குல வலை, இரண்டு கழிகள், மூடிய குழாய்முனைகள், ஒரு பக்கம் முழுவதும் திறக்கும் கதவு. அதற்கு 1,200 ரூபாய் கூடுதல் என்று சொன்ன பட்டறைக்காரர், "கழி எதுக்கு சார்?" என்று கேட்டாராம்.