ஜூனியர் ஸ்பிரிண்டருக்கான ஸ்டார்ட்டிங் பிளாக்: எது தாங்கும், எது நழுவும்

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணியுள்ள ஓட்டக் காலணி) வாங்கும்போது எடை, தகடு, ஆணி நீளம் என்று அலசுகிற பல கோச்சுகள், கிளம்பும்போது கால் ஊன்றி உதைக்கிற ஸ்டார்ட்டிங் பிளாக் விஷயத்தில் மைதானத்தில் கிடப்பதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியைக் குறிவைக்கும் பையனுக்கு இது பெரிய இழப்பு. 2018இல் பின்லாந்தின் தம்பெரே நகரில் நடந்த அந்தப் போட்டியின் 100 மீட்டரில் எட்டாவது லேனில் ஓடிய இந்தோனேசியாவின் லாலு முகமது ஸோஹ்ரி 10.18 நொடியில் தங்கம் வென்றார். அடுத்து வந்த இருவரும் 10.22. 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 200 மீட்டரில் பிளெஸ்ஸிங் அஃப்ரிஃபா, லெட்சிலே டெபோகோ இருவருக்குமே 19.96, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை பார்த்துத்தான் அஃப்ரிஃபாவுக்குத் தங்கம் போனது. முதல் உதையில் பிளாக் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தாலே இவ்வளவு நேரம் போய்விடும்.

பயிற்சிக்குக் கிடைக்கும் பிளாக்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, இரும்புப் பட்டையில் துளை போட்டு, பெடலை (கால் வைக்கும் சாய்வுத் தகடு) போல்ட் நட்டால் முடுக்கும் எளிய வகை. மற்றொன்று, பல் வெட்டிய அலுமினிய நடுத்தண்டில் பெடலைத் தூக்கி நகர்த்திப் பூட்டும் வகை. மூன்றாவதாகச் சென்சார் பொருத்திய போட்டி பிளாக் இருக்கிறது. அதை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, ஆனால் உலகப் போட்டியில் கால் வைக்கப்போவது அதில்தான்.

போல்ட் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கநிலைப் பிள்ளைகள் குனிந்து கிளம்பக் கற்றுக்கொள்ள அது போதும். நாள்பட நட்டு தளர்ந்து பெடல் ஆட ஆரம்பிக்கும். அளவை மாற்ற ஸ்பானர் தேவைப்படுவதால், ஒரே பிளாக்கில் நான்கு பேர் பயிற்சி செய்யும் இடத்தில் எல்லோரும் ஒருவரின் அளவிலேயே ஓடித் தொலைப்பார்கள். 100 மீட்டரில் 11 நொடிக்குக் கீழே வந்துவிட்ட பையனுக்கு இதை வாங்காதீர்கள்.

அலுமினிய நடுத்தண்டு வகைதான் சரியான தேர்வு. ஆனால் அதிலும் தரம் மிகவும் மாறுபடும். வாங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கையால் சோதித்துப் பாருங்கள். பெடலைத் தண்டில் பூட்டி, மேல் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மெல்லிய 'டக் டக்' சத்தம் கேட்டால் பல்லுக்கும் பூட்டுக்கும் இடையே இடைவெளி இருக்கிறது என்று பொருள். ஓட்டக்காரர் உதைக்கும்போது முதலில் அந்த இடைவெளிதான் மூடும், பிறகுதான் உடல் முன்னே போகும். பின்கால் உதை குறுகியது, ஆனால் உச்ச விசை அதில்தான் அதிகம். அதனால் பின் பெடலை இன்னும் கண்டிப்பாகச் சோதியுங்கள். முன்கால் நீண்ட நேரம் தள்ளுகிறது. அந்தப் பெடலில் ஆட்டம் இருந்தால் உடல் பக்கவாட்டில் திரும்பும், முதல் அடி லேனின் ஓரத்துக்குப் போகும். கோச் இதைப் பையனின் பழக்கக் கோளாறு என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பார்.

அடுத்து பெடலின் சாய்வு. குறைந்தது நான்கு நிலைகளாவது இருக்க வேண்டும், 45 டிகிரிக்கு அருகில் ஒன்று கட்டாயம். முன் பெடல் தாழ்ந்தும் பின் பெடல் சற்றுச் செங்குத்தாகவும் இருப்பது வழக்கம். இரண்டையும் நிமிர்த்தி வைத்தால் கெண்டைத்தசைக்கு உதைக்குமுன் தேவையான நீட்சி கிடைக்காது, உதை மந்தமாகும். பெடலின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் டிராக்கின் ரப்பர்போல ஸ்பைக்ஸ் ஆணியை வாங்கிக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான மெல்லிய ரப்பராக இருந்தால், மழை பெய்த நாளில் கால் கீழே வழுக்கும். ஓரம் பிரிந்து எழும்பியிருக்கிறதா என்று நகத்தால் கிளறிப் பாருங்கள். பிரிவது எப்போதும் கீழ் மூலையில்தான் தொடங்கும்.

இனி பிளாக்கை டிராக்கில் பிடித்து நிறுத்தும் ஆணிகள். புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. செயற்கை டிராக்கின் ரப்பர் சுமார் 13 மில்லிமீட்டர் கனம்தான், அடியில் கெட்டியான தார்த்தளம். ஆணி அதைவிட நீளமாக இருந்தால் நுனி தளத்தில் முட்டித் தண்டு ஒரு பக்கம் எழும்பி நிற்கும். மழுங்கிய ஆணியாக இருந்தால் ரப்பரைக் கீறிக்கொண்டு பின்னால் போகும். ஆணியைக் கழற்றி மாற்ற முடிகிற பிளாக்கை மட்டும் வாங்குங்கள். தண்டோடு வார்த்துவிட்ட ஆணி மழுங்கினால் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். பொருத்தும்போது முதலில் முன்பக்கத்தையும் பிறகு பின்பக்கத்தையும் குதிகாலால் மிதித்து இறக்கிவிட்டு, இரண்டு பெடல்களையும் பின்னோக்கி ஓங்கி ஒரு உதை உதைக்க வேண்டும். ஆணி தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

பயிற்சியில் பிளாக்கின் பின்னால் ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். நழுவுகிற பிளாக்கை அது மறைத்துவிடுகிறது. சர்வதேசப் போட்டியில் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

தண்டில் எண் அச்சிட்டிருப்பதை நம்பி, முன் பெடல் 5, பின் பெடல் 9 என்று மனப்பாடம் செய்வதும் தவறு. பல்லுக்குப் பல் இடைவெளி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தண்டின் நுனியைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதும் சேர்ந்தே மாறும். கோட்டிலிருந்து ஒவ்வொரு பெடலின் முகம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். டேப் இல்லாத இடத்தில் பாத அளவு: கோட்டிலிருந்து முன் பெடல் ஏறக்குறைய இரண்டு பாதம், அங்கிருந்து பின் பெடல் இன்னொரு பாதம் அல்லது ஒன்றரைப் பாதம். 'செட்' நிலையில் (துப்பாக்கிக்கு முன் இடுப்பைத் தூக்கி அசையாமல் நிற்கும் நிலை) முன் முழங்கால் 90 டிகிரிக்கு அருகிலும், பின் முழங்கால் 120 முதல் 130 டிகிரி வரையிலும் வந்தால் அளவு சரி. 16, 17 வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே போன சீசன் அளவை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

உலகப் போட்டியில் சொந்த பிளாக் அனுமதி கிடையாது, அமைப்பாளர் தருவதுதான். அந்த பிளாக் கனமானது, பெடல் அசையாது, உதையை அளக்கும் சென்சார் பொருத்தியது. துப்பாக்கி ஒலித்த 0.100 நொடிக்குள் உதை பதிவானால் தொடக்க நடுவரின் காதில் எச்சரிக்கை ஒலி கேட்கும். 2010இலிருந்து முதல் ஃபால்ஸ் ஸ்டார்ட்டிலேயே (முந்திக் கிளம்புவது) வெளியேற்றம்தான், இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் இருக்கும். அதற்கு நல்ல காரணம் உண்டு. லேன் அகலம் 1.22 மீட்டர் என்பதால் முதல் லேனுக்கும் எட்டாவது லேனுக்கும் இடையே எட்டரை மீட்டர், ஒலி அதைக் கடக்க 0.025 நொடி ஆகும். வெறும் துப்பாக்கியாக இருந்தால் நடுவருக்குப் பக்கத்து லேன்காரருக்கு அது இலவச லாபம். காதுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரும் அந்த ஒலிக்குப் பழகாத பையன் தலையைத் தூக்கிவிடுவான். பயிற்சியிலேயே சின்ன ஸ்பீக்கரைப் பின்னால் வைத்துப் பழக்குவது எளிது, செலவும் குறைவு.

ஆடுகிற பெடலில் பழகியவர்கள் 'செட்'டில் அடிக்கடி காலை அழுத்தி அழுத்தித் தளர்த்துவார்கள், பெடலின் ஆட்டத்தை மூடிவைக்கத்தான். 'செட்'டில் அசைந்துகொண்டே இருந்தால் நடுவர் தொடக்கத்தை நிறுத்தி எச்சரிக்கலாம். அசையாத பெடலில் அந்த அழுத்தலுக்குத் தேவையே இல்லை. நல்ல பிளாக்கில் பயிற்சி செய்யச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

200, 400 மீட்டருக்கும் தொடர் ஓட்டத்தின் முதல் ஆளுக்கும் வளைவில் பிளாக் வைக்க வேண்டும். லேனின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்து, உள்கோட்டைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டைப் பார்த்துத் தண்டைத் திருப்ப வேண்டும். அப்போது பின்முனை வெளிக்கோட்டைத் தாண்டும். அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் விதி அதை அனுமதிக்கிறது. முன்முனை மட்டும் தொடக்கக் கோட்டின் மேல் வரக்கூடாது. நீளமான தண்டுள்ள பிளாக் வளைவில் தொந்தரவு தரும், அதனால் வாங்கும்போது பின் பெடலுக்குப் பின்னால் வெறுமனே நீளும் தண்டு எவ்வளவு என்று பாருங்கள்.

பராமரிப்பு கொஞ்சம்தான். பல் இடுக்கில் சேரும் ரப்பர்த் துகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தட்டி எடுக்க வேண்டும். அது சேர்ந்தால் பூட்டு முழுதாக இறங்காது, பெடல் பாதிப் பல்லில் நிற்கும், உதையில் ஒரு பல் தாவும். பூட்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதிதான். மாற்று ஸ்பிரிங்கும் ஆணியும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.