டேப்பா, கம்பியா, பிவிசியா? கூரையில் வைஃபை மாட்டுவது எப்படி

வைஃபை பெட்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஒன்று நிச்சயம்: அதோடு வர வேண்டிய பிராக்கெட் வராது. எனக்கும் அப்படித்தான். கான்கிரீட் தளம், குச்சி ஆன்டெனா நான்கு நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி, பரணில் கிடந்த சாமான்கள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்.

முதலில் டபுள் சைடு டேப். துளை போட வேண்டாம், ஏணியில் ஐந்து நிமிட வேலை. டேப்பைக் குறை சொல்ல முடியாது. அது கடைசி வரை பெட்டியையும் விடவில்லை, பெயின்ட்டையும் விடவில்லை. மே மாத மதியம் மொட்டை மாடிச் சூட்டில் பெயின்ட்தான் அடியிலிருந்த பட்டிப் பூச்சோடு பெயர்ந்து வந்தது. நான் பார்த்தபோது பெட்டி லேன் கேபிளில் ஊசலாடிக்கொண்டிருந்தது. வழவழப்பான டைல்ஸில் டேப் நிற்கலாம். வெள்ளையடித்த கூரையில் வேண்டாம்.

அடுத்து, ஃபேன் மாட்டாமல் சும்மா கிடந்த கொக்கி. அதில் ஓர் அடி ஜிஐ இரும்புப் பைப்பைத் தொங்கவிட்டு, பெட்டியைக் கேபிள் டையால் இறுக்கினேன். பலத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஃபேனையே தாங்கும் கொக்கிக்கு அரைக் கிலோ பெட்டி எம்மாத்திரம்? ஆனால் சிக்கல் சிக்னலில் வந்தது.

குச்சி ஆன்டெனா அலையை மெதுவடை வடிவத்தில் பரப்பும். குச்சி வடையின் ஓட்டைக்குள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் பலம், நுனிக்கு நேரே குறைவு. கூரையில் மாட்டும்போது குச்சியை நேர் கீழே தொங்கவிட்டால் வடை படுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பரவும். நேர் கீழே உட்கார்ந்தாலும் தூரம் குறைவு என்பதால் ஒப்பேறிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. தள்ளி, குச்சிக்கு இணையாக ஓர் இரும்புக் குழாய் நின்றால் அது கண்ணாடி போல வேலை செய்து ஒரு பக்கம் சிக்னலைத் தள்ளும், மறுபக்கம் நிழல் விழும். என் வீட்டில் நிழல் விழுந்தது படுக்கையறைப் பக்கம். அங்கே வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது.

தகடை வளைத்து பிராக்கெட் செய்யும் யோசனையையும் இதனால் விட்டேன். தட்டையான தகடு பெட்டிக்கு மேலே இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, வளைந்து குச்சிக்குப் பக்கத்தில் இறங்கினால் அதே நிழல்தான். ஆன்டெனா உள்ளேயே இருக்கும் பெட்டியைத் தகட்டுக் கூட்டுக்குள் சொருகினால் போச்சு.

கடைசியில் ஜெயித்தது எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி பெட்டி. பிவிசியை வைஃபை அலை கண்டுகொள்ளாது. அதைக் கூரையில் பிடிக்க 6 மி.மீ. டிரில் பிட், துளைக்குள் செருகும் ராவல் பிளக் இரண்டு, இரண்டு ஸ்க்ரூ. மிச்சக் கேபிளும் உள்ளேயே சுருண்டுவிடும். ஒரே எச்சரிக்கை: ஃபேன் பாக்ஸுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே தளத்துக்குள் வயர் பைப் ஓடும், அந்தக் கோட்டில் துளைக்காதீர்கள். அப்புறம், வைஃபை பெட்டியின் பின்புறத்தில் ஸ்க்ரூவில் மாட்ட இருக்கும் சாவித்துளை வடிவ ஓட்டைகள் சுவருக்கானவை. சுவரில் எடையே பெட்டியைக் கீழிழுத்துப் பூட்டிவிடும். கூரையில் அந்தப் பூட்டு விழாது, லேசாக நகர்ந்தாலே கழன்று வரும். ஸ்க்ரூவில் மாட்டிய பிறகு குறுக்கே ஒரு கேபிள் டை போட்டே ஆகவேண்டும்.

ஆபீஸ் ஃபால்ஸ் சீலிங் என்றால் கணக்கு வேறு. அங்கே டைல்களைத் தாங்கும் டி வடிவச் சட்டத்தை, அதாவது டி பாரை, கவ்வும் கிளிப்தான் சுலபம். அந்த மெல்லிய பார் ஆன்டெனாவைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. டைலில் நேரடியாக ஸ்க்ரூ அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மினரல் ஃபைபர் டைல் ஈரம் பட்டால் பிஸ்கட். டைலுக்கு மேலே ஒரு பிளைவுட் துண்டு வைத்து, அதில் ஸ்க்ரூ பிடித்து, தளத்தோடு ஒரு கட்டுக்கம்பியும் கட்டிவிட்டால் பயமில்லை.

என் பிவிசி பெட்டி இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டதில் உள்ளே ஒரு பல்லி குடியேறியிருக்கிறது. சிக்னலுக்கு அதனால் பாதிப்பில்லை.