வெட்கப்படாத அபத்தமும் வெட்கப்படும் அபத்தமும்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் மீது படையெடுக்கும் பெருஞ்செலவுப் படங்களின் இரண்டாம் பாகங்களை உயர்ந்த சினிமா என்று எவரும் வாதிடுவதில்லை. ஆனாலும் விடுமுறை நாளின் மதியத்தில் அவை தொலைக்காட்சியில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டால், எங்கள் கிருஷ்ணகிரியில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் அநேகர். நானும் அவர்களில் ஒருவன். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, 2016இல் ரோலண்ட் எமரிக் இயக்கிய ‘இண்டிபெண்டன்ஸ் டே: ரிசர்ஜென்ஸ்’, மற்றொன்று, 2018இல் ஸ்டீவன் டிநைட் இயக்கிய ‘பசிபிக் ரிம்: அப்ரைசிங்’.

இவற்றில் எது மேல் என்ற வழக்கை வசூலை வைத்துத் தீர்க்க இயலாது. 1996இல் வந்த முதல் ‘இண்டிபெண்டன்ஸ் டே’ உலகெங்கும் ஏறத்தாழ 81 கோடி டாலர் ஈட்டியது. இருபது ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அப்ரைசிங்கும் தன் முதல் பாகத்தைவிடக் குறைவாகவே ஈட்டியது. இரண்டும் மூன்றாம் பாகத்துக்கு வாசலைத் திறந்து வைத்தே முடிகின்றன. அந்த வாசலில் இன்றுவரை எவரும் நுழையவில்லை.

ஆகவே அளவுகளைப் பார்ப்போம். முதல் இண்டிபெண்டன்ஸ் டேயில் நகரங்களின் மீது வந்து நின்ற ஒவ்வொரு கலமும் சுமார் 24 கிலோமீட்டர் அகலம் கொண்டது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலைக்கு மேல் அப்படியொன்று நின்றால், ஊருக்கு வெளியே இருக்கும் கே.ஆர்.பி. அணை வரைக்கும் அதன் நிழல் விழும். கண்ணால் அளந்துவிடக்கூடிய அந்த அளவு அச்சமூட்டியது. ரிசர்ஜென்ஸில் வரும் கலமோ 3,000 மைல், அதாவது ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். இந்தியாவின் வடமுனையிலிருந்து தென்முனை வரையுள்ள நீளமே 3,200 கிலோமீட்டர்தான். அந்தக் கலம் தன் ஈர்ப்புவிசையால் ஆசிய நகரங்களின் கட்டடங்களை உறிஞ்சியெடுத்துக்கொண்டு போய் லண்டன் மீது கொட்டும்போது அச்சம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. இதைப் படத்தின் தோல்வி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கோ அதுவே படத்தின் சிறப்பாகத் தோன்றுகிறது. ஏனெனில் இயக்குநர் அந்த அபத்தத்தை மறைக்கவோ நியாயப்படுத்தவோ முயலவில்லை. இருபது ஆண்டுகள் கோமாவில் கிடந்த விஞ்ஞானி எழுந்த சற்று நேரத்திலேயே வேலைக்குத் திரும்புகிறார். உதவிக்கு வந்த, சிந்திக்கவும் பேசவும் தெரிந்த வேற்றுக்கிரகக் கோளத்தை மனிதர்கள் முதலில் சுட்டு வீழ்த்திவிட்டு, அப்புறம் அதனிடமே யோசனை கேட்கிறார்கள். இதில் எதற்கும் படம் கூச்சப்படுவதில்லை.

உச்சக்கட்டத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் ராட்சத ராணி தன் கலத்திலிருந்து வெளிப்பட்டு, குழந்தைகள் இருக்கும் பள்ளிப் பேருந்தை உப்புவெளியில் துரத்துகிறாள். அவள் செத்தால் படையே செயலிழக்கும் என்பது நமக்கு முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. எங்கள் பக்கத்துப் பாரதத் திருவிழாவில் மண்ணால் செய்து கிடத்திய மாபெரும் துரியோதனனைச் சுற்றிப் படுகளம் எனும் போர்முடிவுச் சடங்கு நடக்கும்போது, தொடையில்தான் அடி விழும் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் கூட்டம் கலையாமல் நிற்குமல்லவா, அந்த ஈர்ப்புத்தான் இதுவும். முதல் பாகத்தின் நாயகர் வில் ஸ்மித் இல்லாத குறை இருக்கவே செய்கிறது. அவருடைய பாத்திரம் இடைப்பட்ட காலத்தில் இறந்துவிட்டதாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். புதிய இளைஞர்களில் எவருடைய முகமும் மனத்தில் நிற்பதில்லை. முதல் பாகத்திலும் நடித்த ஜெஃப் கோல்ட்பிளம் அந்த இடைவெளியைத் தனியாளாக நின்று ஓரளவு நிரப்புகிறார்.

அப்ரைசிங் தொழில்நுட்பத்தில் தாழ்ந்ததன்று. பகல் வெளிச்சத்தில் நடக்கும் டோக்கியோச் சண்டை, முதல் பாகத்தின் இரவு மழைச் சண்டைகளைவிடத் தெளிவாகப் புரிகிறது. ஜான் போயேகாவும் ரிசர்ஜென்ஸின் இளைஞர்கள் அனைவரைவிடவும் உயிர்ப்புள்ள நாயகர். ஆனால் கைஜு எனும் கடல் ராட்சதர்களைப் பார்க்க வந்தவர்களை, அவை மெய்யாகத் தலைகாட்டும் கடைசிப் பகுதிவரை, அவற்றை எதிர்க்க மனிதர்கள் செய்த ராட்சத எந்திரங்களுக்கு இடையிலான சண்டையோடு காத்திருக்க வைக்கிறது. இடையில் நிறுவனச் சதி, பயிற்சிப் பள்ளி, புகழ்பெற்ற தந்தையின் நிழலில் வளர்ந்த மகனின் மனக்குறை என்று பொறுப்பான படமாகத் தன்னைக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறது. ஃபுஜி மலையில் ராட்சதனின் இரத்தம் கலந்தால் பசிபிக்கைச் சுற்றியுள்ள எரிமலைகள் யாவும் வெடிக்கும் என்ற அருமையான கிறுக்குத்தனம் கையில் இருந்தும், அதைக் கூச்சத்தோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாயகரின் எந்திரம் விண்ணிலிருந்து விழுந்து ராட்சதனைத் தாக்கும் முடிவுக்காட்சி மட்டும் விதிவிலக்கு. அங்கே படம் வெட்கத்தை முற்றிலும் விட்டுவிடுகிறது.

வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், அப்ரைசிங்கில் சிறுமி ஒருத்தி பழைய உதிரிப் பாகங்களால் செய்து ஓட்டும் குட்டி எந்திரத்துக்காகவே அதைப் போட்டுக்காட்டலாம். மற்ற எவரும் என்னிடம் கேட்டால், தயங்காமல் ரிசர்ஜென்ஸைத்தான் சொல்வேன்.