பள்ளிக்கு நிதி கேட்பது: நீங்களே எழுதுவதா, டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் வழியாகவா?

அமெரிக்கப் பப்ளிக் ஸ்கூல் ஆசிரியர் வகுப்புக்கு நிதி திரட்ட நினைத்தால் இரண்டு வழிகள் உடனே கண்ணில் படும். வகுப்புத் தேவைகளுக்குப் பொதுமக்கள் நன்கொடை தரும் டோனர்ஸ்சூஸ் (DonorsChoose) இணையதளத்தில் தானே கோரிக்கை போடலாம். இல்லையென்றால் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் அலுவலகம்) கிராண்ட்ஸ், அதாவது மானியப் பிரிவோடு உட்கார்ந்து முறையான விண்ணப்பம் தயாரிக்கலாம். நீங்கள் கேட்பது பொருளா, ஆள் சம்பளமா? பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

பொருள் என்றால் டோனர்ஸ்சூஸ்தான். 2000-ல் பிராங்க்ஸ் பள்ளி ஆசிரியர் சார்ல்ஸ் பெஸ்ட் தொடங்கியது. காசு கைக்கு வராது, பொருளாகவே பள்ளிக்கு வந்துசேரும், அதனால் கணக்கு ஒப்படைக்கும் தலைவலி குறைவு. நான்கு மாதத்தில் தொகை சேராவிட்டால் கோரிக்கை காலாவதி.

ஆனால் பள்ளி முடிந்தபின் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு என்றால் அந்தத் தளம் உதவாது. இதற்கென்றே இருக்கும் '21ஆம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையங்கள்' மானியத்தில், மத்திய அரசின் பணத்தை மாநிலங்கள் போட்டி வைத்துப் பிரித்துக் கொடுக்கின்றன. தனி ஆசிரியர் விண்ணப்பிக்க முடியாது, டிஸ்ட்ரிக்ட் மாதிரி ஓர் அமைப்பு வேண்டும். அரசுப் பதிவு எண், சூப்பரின்டென்டன்ட் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகி) கையெழுத்து எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. பட்ஜெட்டும் அப்படித்தான். வீட்டில் உட்கார்ந்து எழுதுபவர் சம்பளத்தைப் போட்டுவிட்டு ஓய்வூதியப் பங்களிப்பையும் மருத்துவக் காப்பீட்டையும் மறந்துவிடுவார், மறைமுகச் செலவு விகிதம் (நிர்வாகம் மாதிரி பொதுச் செலவுகளுக்காகச் சேர்க்கும் சதவீதம்) என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே டிஸ்ட்ரிக்ட் கொடுத்துவரும் செலவுக்கு இந்தப் பணத்தை மாற்றாக வைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அதையும் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

சிக்கல் வேகத்தில். டிஸ்ட்ரிக்ட்டின் பள்ளி போர்டு ஒப்புதல் தேவைப்பட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கெடுவுக்குப் புதன்கிழமை போய் நின்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். இன்னொன்று, ஆபீஸ் எழுதும் 'தேவை' பகுதி பெரும்பாலும் எந்தப் பள்ளிக்கும் பொருந்துகிற மாதிரி வழவழவென்று இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் விகிதம், வாசிப்புத் தேர்வு மதிப்பெண் எல்லாம் அவர்களிடம் வாங்கிக்கொண்டு நீங்களே எழுதுங்கள்.

உள்ளூர்ப் பள்ளிகளுக்கு நிதி திரட்டித் தரும் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் (தொண்டு அமைப்பு) இருந்தால் சின்னத் தொகைக்கு அதையும் பாருங்கள், படிவம் பொதுவாகச் சின்னதுதான். அப்புறம், டோனர்ஸ்சூஸ் என்றாலும் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டே போடுங்கள், முன்அனுமதி கேட்கும் டிஸ்ட்ரிக்ட்டுகளும் உண்டு.